ஊட்டியில் சாக்லேட் தொழிலா? ஜூலையில் தொடங்குங்கள்

மலர்க் கண்காட்சிக்குள் கடை திறந்துவிட வேண்டும் என்று ஏப்ரலில் அட்வான்ஸோடு அலைகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இப்போது கடை வேண்டாம், ஜூலையில் வீட்டிலேயே தொடங்குங்கள். மே கூட்டத்தில் எதை வைத்தாலும் விற்றுவிடும். உங்கள் சரக்கு நல்லதா இல்லையா என்று தெரியவே தெரியாது.

முதலில், காம்பவுண்டா அசல் சாக்லேட்டா என்று முடிவு செய்யுங்கள். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. உருக்கி அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது, விலையும் குறைவு. பாதி ஊர் அதைத்தான் விற்கிறது. நாமும் அதையே விற்றால் பேரம் பேசியே நாள் போகும்.

அசலுக்கு டெம்பரிங், அதாவது சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்துவது, வேண்டும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 27–28க்கு ஆறவிட்டு, மறுபடி 31–32க்கு ஏற்றுங்கள். கைக்கணக்கு உதவாது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். சரியாக வந்தால் அச்சைத் தட்டியதும் பளபளவென்று கழன்று விழும். உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் வரும். பிசகினால் சில நாளில் மேலே சாம்பல் பூக்கும். ஈரம்தான் பெரிய எதிரி. உருக்கும்போது கீழே வைக்கிற வெந்நீர்ப் பாத்திரத்து ஆவி பட்டாலே மொத்தமும் திரிந்து கட்டியாகிவிடும். துவைத்த துணியே காயாத ஜூலையில் கை பழகிவிட்டால் மற்ற மாதங்கள் சுலபம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். நம் ஊர்க் குளிரே போதும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் பட்டர் பேப்பரும் அட்டைப்பெட்டியும்தான். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீத மானியம். ஆனால் அது கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் டெபாசிட்டாக இருந்து பிறகு கடனில் கழியும். அதை நம்பி வாடகை பேசாதீர்கள்.

அப்புறம் ஆள். என்னிடம் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் முன்பு தேயிலை பறித்தவர். அச்சு தட்டும்போது ஒரு முனைகூட உடையாது. சீசனுக்கு மட்டும் வேலை கொடுத்தால் இப்படிப்பட்டவர் நிற்கமாட்டார். பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்க வேண்டுமானால் மலைக்குக் கீழே வாடிக்கை வேண்டும். கோவை, திருப்பூர் கம்பெனிகளின் தீபாவளி ஆர்டரை ஆகஸ்டிலேயே பேசி, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிடுங்கள். பெட்டிகளை அதிகாலை முதல் பஸ்ஸில் ஏற்றுங்கள். மதியம் அனுப்பினால் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் இளகிவிடும்.