பின்னங்கால் வராத முயலை வீட்ல வச்சு பாத்துக்கறது எப்படி, போதும்னு எப்போ முடிவு பண்றது

புட்டு எங்க வீட்டு முயல், நியூசிலாந்து ஒயிட் கலப்பு, ரெண்டே கால் கிலோ இருப்பா. நாலு வயசு இருக்கும்போது அக்கா பையன் ஆசையா தூக்கினான், கை நழுவற மாதிரி இருந்ததும் காத்துல ஒரு உதை உதைச்சா, கீழ விடறதுக்குள்ள பின்னங்கால் ரெண்டும் தொங்கிடுச்சு. முயலுக்கு எலும்பு ரொம்ப லேசு, மொத்த எடைல ஒரு 7, 8 சதவீதம்தான், ஆனா பின்னங்கால் சதை அவ்ளோ பலம், அதனால அது உதைக்கற உதைலயே அதோட முதுகெலும்பு முறிஞ்சு போயிடும். பையன் மேல தப்பே இல்ல, தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்தை தாங்கி, நம்ம உடம்போட ஒட்டி வச்சுக்கணும்னு நாங்கதான் சொல்லிக் குடுத்திருக்கணும்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் எட்டு மாசம் இருந்தா. கடைசி மூணு வாரம் தவிர நல்லாத்தான் இருந்தா, மனசைத் தேத்திக்கறதுக்காக சொல்லல, தினமும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இப்போ உங்க வீட்ல இதே மாதிரி ஒண்ணு படுத்திருந்தா முதல் வாரம் தலை கால் புரியாது, அதனால நான் கத்துக்கிட்டதை எல்லாம் எழுதறேன்.

முதல்ல டாக்டர். கால் இழுக்குதுன்னா எல்லாமே எலும்பு முறிவு கிடையாது. ஈ.குனிகுலின்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, மூத்திரம் வழியா ஒரு முயல்லேர்ந்து இன்னொரு முயலுக்கு பரவும், மூளை, கிட்னி, கண்ணு எல்லாத்தையும் தாக்கும், பின்னங்கால் தளரும், கழுத்து ஒரு பக்கமா திரும்பிடும், அதுக்கு ஃபென்பெண்டசோல் பொதுவா 28 நாள் தொடர்ந்து குடுப்பாங்க. கழுத்து திரும்பறது உள்காது இன்ஃபெக்‌ஷனாலயும் வரும். வயசான முயலுக்கு முதுகு மூட்டு தேய்மானம், குட்டில கால் விரிஞ்சு போறது, இப்படி காரணம் நிறைய, மருந்தும் வேற வேற. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, விரலை அழுத்திப் பிடிச்சா வலி உணருதான்னு டாக்டர் பாக்கறாரான்னு கவனிங்க, உணர்வு இருந்தா கொஞ்சமாவது திரும்பி வர வாய்ப்பு இருக்கு, சுத்தமா இல்லைன்னா வாய்ப்பு ரொம்ப கம்மி. நாய் பூனை மட்டும் பாக்கற கிளினிக்கா இருந்தா முயல் பாத்திருக்கீங்களான்னு கேக்க கூச்சப்படாதீங்க. சென்னைல இருக்கறவங்களுக்கு வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, மத்த ஊர்ல நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி வெட்னரி காலேஜ்ல விசாரிக்கலாம்.

மருந்து விஷயத்துல ரெண்டு மூணு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் வாய் வழியா முயலுக்கு குடுக்கவே கூடாது, குடல்ல இருக்கற நல்ல கிருமியை அழிச்சு உயிருக்கே ஆபத்தாயிடும். நாய்க்கு உண்ணிக்கு விடற ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். ஸ்டீராய்டு இருக்கற க்ரீம் எதையும் புண்ணுன்னு தடவாதீங்க, நக்கிடும். வலிக்கு பொதுவா மெலோக்ஸிகாம் எழுதுவாங்க, நாய் டோஸ் முயலுக்கு பத்தாது, அதனால அளவை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி யாராவது பட்டினி போடச் சொன்னா அந்த இடத்துல பண்ணாதீங்க, முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, பட்டினிதான் ஆபத்து.

இனிமே வீட்டு வேலை. முக்கால்வாசி வேலை ஒண்ணே ஒண்ணுதான், பின்பக்கம் ஈரமில்லாம வச்சுக்கறது. நான் முதல்ல இது புரியாம கால் மசாஜ், வண்டி, அது இதுன்னு ஓடினேன், பத்தே நாள்ல தொடை உள்பக்கம் முடி கொட்டி செக்கச்செவேல்னு வெந்து போயிடுச்சு. மூத்திரம் பட்டு தோல் வெந்தா அதுக்கு அவ்ளோ எரியும், நகரவும் முடியாது. படுக்கை இப்படி போடுங்க: அடியில யோகா மேட், அதுக்கு மேல பழைய காட்டன் வேட்டியோ புடவையோ நாலா மடிச்சு, அதுக்கு மேல ஃப்ளீஸ் துணி (மெத்துனு இருக்கற பாலியஸ்டர் போர்வைத் துணி). ஃப்ளீஸ் ஈரத்தை கீழ விட்டுட்டு மேல காஞ்சு இருக்கும், காட்டன் குடிச்சுக்கும். காட்டனை மட்டும் போட்டா அந்த ஈரத்துலயே படுத்திருக்கும். நாலு செட் வச்சுக்கோங்க, மழைக்காலத்துல ஆறு, காயவே காயாது. டயபர் சிலர் போடறாங்க, எனக்கு அது ஒத்து வரல, உள்ள ஈரம் நிக்குது, கடிச்சு பஞ்சை தின்னுடுதுங்க, மடில வச்சிருக்கற நேரம் மட்டும் போடலாம்.

காலைல, சாயங்காலம், படுக்கப் போகும்போதுன்னு மூணு தடவை பின்பக்கத்தை பாருங்க. அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணில பஞ்சு நனைச்சு துடைச்சு, உடனே துணியால ஒத்தி எடுத்து முழுசா காய வைங்க. மொத்தமா குளிப்பாட்டாதீங்க, பயத்துலயும் குளிர்லயும் போயிடும். முடியை கத்தரிக்கோலால வெட்டாதீங்க, முயல் தோல் காகிதம் மாதிரி, ட்ரிம்மர் போதும். டால்கம் பவுடர் வேண்டாம். மல்லாக்க போட்டா அசையாம கிடக்குதேன்னு சுத்தம் பண்ண வசதின்னு நினைப்போம், பயத்துலதான் அப்படி விறைச்சுக் கிடக்கும், மடில சாய்வா வச்சுப் பண்ணுங்க.

மூத்திரம் தானா போகுதான்னு தெரிஞ்சுக்கறது ரொம்ப முக்கியம். சொட்டு சொட்டா வர்றதைப் பாத்து போகுதுன்னு நினைச்சிடுவோம், பை நிரம்பி வழியறதாக்கூட இருக்கலாம். அப்படின்னா அடிவயித்தை மெதுவா அழுத்தி வெளிய எடுக்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேலயே வேண்டியிருக்கும். இதை வீடியோ பாத்து மட்டும் பண்ணிடாதீங்க, பை கிழிஞ்சிடும், டாக்டர் உங்க கைமேல கை வச்சு காட்டணும், எனக்கு மூணு நாள் போய்த்தான் கை பழகுச்சு. முயல் மூத்திரம் வெள்ளையா கலங்கலா, சில நாள் ஆரஞ்சு சிவப்பா வரும், அதெல்லாம் சகஜம். பேஸ்ட் மாதிரி கெட்டியா வந்தா கால்சியம் சேருதுன்னு அர்த்தம், அப்போ குதிரைமசால், அகத்தி, முருங்கைக்கீரையை குறைச்சுட்டு கீரையை அலசின ஈரத்தோடயே போடுங்க.

அப்புறம் ஈ. நம்ம ஊர்ல ஈ இல்லாத மாசமே இல்ல. ஈரமா நாத்தமா இருக்கற பின்பக்கத்துல முட்டை போட்டா ஒரே நாள்ல புழு வந்துடும், உயிரோட சதையைத் தின்னும், ஒரு புழுவைப் பாத்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். கூண்டு முழுக்க கொசுவலை போட்டுடுங்க.

முயல் ராத்திரியும் விடியக்காலையும் ஒரு மெத்துனு பளபளன்னு திராட்சைக்கொத்து மாதிரி ஒரு புழுக்கை போட்டு அதைத் திரும்ப தானே சாப்பிடும், அதுல வைட்டமின் பி, புரதம் எல்லாம் இருக்கு. முதுகு வளையாத முயலுக்கு வாய் அங்க எட்டாது. எடுத்து மூக்கு கிட்ட நீட்டுங்க, நிறைய முயல் வாங்கிச் சாப்பிட்டுடும், புட்டு சாப்பிடுவா. அதே மாதிரி பின்னங்காலால காது சொறிய முடியாதுன்றது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது, காது அடில அழுக்கு சேந்து போயிருந்தது. நான் விரலால காதடியை தேச்சுவிட்டப்போ கண்ணை மூடிக்கிட்டு பல்லை மெல்ல நறநறன்னுவா, அது அவளுக்கு சுகம், அதுலேர்ந்து தினமும் பண்ணேன். கழுத்து திரும்பின முயலா இருந்தா கீழ்ப்பக்க கண்ணு தரைல உரசி புண்ணாயிடும், அதுக்கு சொட்டு மருந்து கேட்டு வாங்குங்க, உருளுதுன்னா சின்ன இடத்துல சுத்தி டவலை சுருட்டி வச்சு அணை கட்டுங்க.

சாப்பாடு எப்பவும் போல புல்தான் முக்கியம். டிமோத்தி புல் விலை கட்டுப்படி ஆகலைன்னா அருகம்புல், கொழுக்கட்டைப்புல் காய வச்சு குடுக்கலாம், மருந்தடிக்காத இடத்துல பறிச்சதான்னு மட்டும் பாருங்க. முயல் வாய்க்கு எட்டற உயரத்துல, படுக்கையோட ரெண்டு பக்கமும் வைங்க. தண்ணி பாட்டில்ல வேண்டாம், தாழ்வான கனமான கிண்ணம். 10, 12 மணி நேரம் ஒண்ணும் சாப்பிடல, புழுக்கையும் போடலைன்னா அது எமர்ஜென்சி, காலைல பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க. சாப்பிடாத முயலுக்கு கரைச்சு ஊட்டற கிரிட்டிக்கல் கேர் பவுடரோ, இல்ல முயல் தீவன பெல்லட்டை ஊற வச்சு கூழாக்கியோ எப்பவும் கைல வச்சிருங்க, வயிறு உப்பலா கல்லு மாதிரி இல்லைன்னு டாக்டர் பாத்து சொன்னப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சுல பக்கவாட்டுல, முன்பல்லுக்குப் பின்னாடி இருக்கற சந்துல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, 2 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லி அளவு, நாலஞ்சு வேளையா.

வெயில் காலம் தனி கஷ்டம். முயலுக்கு வேர்க்காது, காது வழியாத்தான் சூட்டை விடும், 30 டிகிரிக்கு மேலயே தவிக்கும், கத்திரில என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். ஐஸ் பாட்டிலை துணி சுத்தி வைப்போம் இல்லையா, அதை உணர்வில்லாத பக்கம் வைக்காதீங்க. குளிர்ல தோல் கன்றிப் போனாலும் அதுக்குத் தெரியாது, நகரவும் நகராது. தலைப்பக்கம், வேணும்னா ஒட்டிக்கலாம் வேண்டாம்னா முன்னங்காலால தள்ளிப் போகலாம்ன்ற தூரத்துல வைங்க. வெந்நீர் பாட்டிலுக்கும் இதேதான்.

சக்கர வண்டி பத்தி எல்லாரும் கேப்பாங்க. முன்னங்கால் பலமா இருக்கற, பயப்படாத முயலுக்கு ஒரு கால் மணி நேரம் ஓட நல்லா இருக்கும், நாள் முழுக்க மாட்டி விடக்கூடாது. புட்டு அதுல கட்டினா உறைஞ்சு போய் நிப்பா, ரெண்டு வாரம் பாத்துட்டு கழட்டிட்டேன். வழுக்காத மேட்ல முன்னங்காலால இழுத்துக்கிட்டு ஹால் முழுக்க சுத்தினா, அது அவளுக்குப் போதுமா இருந்தது.

இப்போ கஷ்டமான பகுதி. கால் விழுந்த அன்னிக்கே ஒருத்தர் 'பாவம், ஊசி போட்டு அனுப்பிடு'ன்னார், அம்மா 'வாயில்லா ஜீவனைக் கொல்ற பாவம் நமக்கு வேண்டாம்'னாங்க. ரெண்டு பேருமே முயலைப் பாத்து பேசல. கால் போச்சுன்னு மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, அது இன்னும் முயலா இருக்கான்னு பாக்கணும். அலிஸ் வில்லலோபோஸ்னு அமெரிக்க கால்நடை டாக்டர் 2004ல ஒரு அளவுகோல் குடுத்தாங்க, வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமான்னு ஏழு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 10 மார்க் (நல்லா இருந்தா மார்க் கூட, அதாவது வலி கம்மின்னா வலிக்கு மார்க் அதிகம்), கூட்டினா 35க்கு மேல இருந்தா தொடரலாம்னு. நாய் பூனைக்குன்னு வந்தது, ஆனா முயலுக்கும் பிடிமானமா இருந்துச்சு. நான் ஒண்ணு மட்டும் மாத்தி வச்சுக்கிட்டேன், வலிக்கும் பசிக்கும் மார்க் 5க்கு கீழ ரெண்டு நாள் தொடர்ந்தா கூட்டுத்தொகை எவ்ளோ இருந்தாலும் டாக்டருக்கு போன்.

முயல் வலியைக் காட்டாது, காட்டினா பருந்துக்கு இரைன்னு அதுக்குப் பிறவிலயே தெரியும். அதனால முகத்தைப் பாருங்க, கண்ணு பாதி மூடி இறுக்கமா, கன்னம் தட்டையா, மூக்கு கூர்மையா, மீசை விறைச்சு, காது சுருண்டு பின்னால ஒட்டி இருந்தா வலி, 2012ல இந்த அஞ்சையும் வச்சே முயல் வலிக்கு ஒரு முக அளவுகோல் வந்துச்சு. நீங்க கிட்ட போனா மறைச்சுக்கும், போனை வச்சுட்டு பத்து நிமிஷம் வீடியோ எடுத்து அப்புறமா பாருங்க. பல்லை சத்தமா கடிக்கறதும் வலிதான், நான் மேல சொன்ன மெல்லிசான நறநற வேற.

இதைவிட எனக்கு உதவினது, அவ நல்லா இருக்கும்போதே எழுதி வச்ச மூணு விஷயம். ஃப்ரிட்ஜ் கதவு சத்தத்துக்கு காது தூக்கறது, கொத்தமல்லித் தண்டை கையிலேர்ந்து பிடுங்கறது, என் செருப்புல தாடையைத் தேச்சு தன்னோடதுன்னு குறி போடறது. முன்னாடியே எழுதுங்க, ஏன்னா கஷ்டமான நாள்ல நம்ம மனசு அளவை கீழ இறக்கிக்கிட்டே போகும், தண்ணி குடிச்சாளே அது போதும்னு தோணும். காலண்டர்ல நல்ல நாளுக்கு பச்சை, கெட்ட நாளுக்கு சிவப்பு வச்சேன். ஒரு மாசத்துல ரெண்டு மூணு சிவப்பு இருந்தது கடைசில பதினாறு ஆச்சு, மூணுல ரெண்டு விஷயம் நின்னு போச்சு, குதிங்கால் புண் எலும்பு வரைக்கும் போயிடுச்சு, அப்போதான் முடிவு பண்ணேன். உங்களால முடியுதாங்கறதும் இதுல ஒரு கணக்குதான். ஒருத்தரே தனியா ராத்திரி பகலா பாக்கறப்போ துணி மாத்த ஆள் இல்லாம அது ஈரத்துல கிடந்தா அதோட வலிதான் கூடுது, அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

அந்த நாளுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ரெண்டு கேளுங்க: முதல்ல மயக்கம் குடுத்து அது தூங்கினப்புறம்தானே கடைசி ஊசி போடுவீங்க, நான் கூட இருக்கலாமா. வீட்லேர்ந்து அதோட ஃப்ளீஸையே எடுத்துட்டுப் போங்க, பிடிச்ச கீரையும் கொண்டு போங்க, பட்டினி தேவையில்ல. வீட்ல ஜோடி முயல் இருந்தா உடம்பைக் கொண்டு வந்து ஒரு மணி நேரம் பக்கத்துல விடுங்க. எங்க கறுப்பன் மோந்து பாத்தான், நெத்தியை நக்கினான், அப்புறம் தானா எழுந்து போயிட்டான். அடுத்த ரெண்டு மூணு நாள் மிச்சம் இருக்கறது சாப்பிடுதா, புழுக்கை போடுதான்னு எண்ணிப் பாருங்க, துக்கத்துல அதுவும் சாப்பாட்டை நிறுத்திடும், கூழும் சிரிஞ்சும் தயாரா இருக்கட்டும்.