பழைய பேட்டையைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்குச் சென்னையின் பழைய வியாபாரப் பேட்டையான ஜார்ஜ் டவுன் என்றால் தனிப் பிரியம். வருடா வருடம் ஒரு குழுவாவது ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டு, வரைபடம் பார்க்க என்னைக் கூப்பிடும். இந்த வருடப் படங்களில் நிழல் மரம், கிரானைட் நடைபாதை, பெஞ்சில் காபி குடிக்கும் ஜோடி எல்லாம் இருந்தன. ஒரு மூட்டைகூட இல்லை. நாங்கள் படித்த காலத்தில் வரைந்ததும் இதே படம்தான். அளவு பிசகு, மரத்தேர்வு போன்றவற்றை ஆசிரியர்களே திருத்திவிடுவார்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

சரக்கை மறந்துவிட்டுத் தெருவை வரைவது

ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு வியாபாரம். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து, பத்ரியன் தெருவில் பூ. பெரும்பாலும் மொத்த வியாபாரம். காகிதக் கட்டின் கனம் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அது லாரியிலிருந்து இறங்கி, மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியிலோ தள்ளுவண்டியிலோ வந்து, லோடுமேன் தலையில் ஏறிக் கடைக்குள் போகிறது. பகலில் பெரிய லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முக்கியமான சரக்கு இறக்கும் வேலை எல்லாம் ராத்திரியில். மாணவர்கள் அளவெடுக்கப் போவதோ ஞாயிற்றுக்கிழமை காலையில். கடைகள் மூடியிருக்கும், டேப் பிடிக்க வசதி!

காலித் தெருவைப் பார்த்துவிட்டுப் பாதியை நடைபாதைக்கு ஒதுக்குகிறார்கள். கேட்டால் பாண்டி பஜாரைக் காட்டுகிறார்கள். 2019-இல் திறந்த அந்த நடைபாதை வளாகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சில்லறைக் கடைத்தெரு, வருகிறவர் கையில் துணிப்பைதான் இருக்கும். அது இருக்கும் தியாகராய சாலையின் அகலமும் இங்கே எந்தத் தெருவுக்கும் கிடையாது.

வேறொரு ஊரின் மொத்த வியாபாரத் தெருவில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். நடைபாதையை 15 சென்டிமீட்டர் உயர்த்தி, ஓரத்தில் வரிசையாகத் தடுப்புத் தூண் நட்டிருந்தார்கள். தள்ளுவண்டி ஏறவில்லை. பலகை போட்டு ஏற்றப் போய், ராத்திரியில் சறுக்கி ஒரு லோடுமேனுக்குக் கால் முறிந்தது. லாரிகள் நடுத்தெருவில் நின்றன. யாரோ இரண்டு தூண்களை அறுத்துவிட, அந்த வழியாகக் 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் நடைபாதைக்கே வந்துவிட்டன. பதித்திருந்தது ஆள் நடப்பதற்கான 60 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர் பிளாக், அதாவது சிமென்ட் கல். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பெரிய வியாபாரிகள் புறவழிச்சாலைப் பக்கம் கடையை மாற்றினார்கள். அவர்களை நம்பியிருந்த டீக்கடைக்காரரும் சாக்குத் தைப்பவரும் எங்கே போவது? "இந்த ஜனங்களுக்கு ஒழுங்கே தெரியலை" என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இத்தனைக்கும், இதைத் தவிர்ப்பது பெரிய வித்தையில்லை. ஒரு வேலைநாளில் இரவு ஒன்பது மணியிலிருந்து விடியும்வரை அங்கே நில்லுங்கள். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தக் கடைக்கு எத்தனை நடை போகிறது என்று குறியுங்கள். தெருமுனைகளில் சரக்கு இறக்க இடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் நடைபாதையை வரையுங்கள். குறுகிய தெருவில் நடைபாதையை உயர்த்தவே வேண்டாம், முழுத் தெருவையும் ஒரே மட்டமாக விடுங்கள். வண்டி ஏறுகிற இடமெல்லாம் குறைந்தது 80 மில்லிமீட்டர் பிளாக். முடிந்தால் பார்சல் ஆபீஸ் மேஸ்திரியிடம் படத்தைக் காட்டுங்கள். நம்மைவிட வேகமாகத் தப்பைக் கண்டுபிடிப்பார்.

சந்தையைத் தூக்கிவிட்டால் நெரிசல் தீரும் என்பது

இதே ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் தீர்ந்ததா என்று இப்போது அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்.

நடைபாதைக் கடைகளை அப்புறம் பார்த்துக்கொள்வது

சியோலில் மேம்பாலத்தை இடித்துவிட்டு 2005-இல் மீட்ட சோங்கேச்சோன் ஓடை எல்லோருடைய ஸ்லைடிலும் வருகிறது. அங்கிருந்த தெருவோர வியாபாரிகளை தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்கு அனுப்பி, பிறகு அந்த அரங்கத்தையும் இடித்து, மறுபடி வேறிடத்துக்கு அனுப்பிய கதை வருவதில்லை. இங்கே 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஆகவே பூக்காரம்மா உட்காரும் இடமும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

தெரு மட்டத்தை எடுக்காமல் விடுவது

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், பல வீடுகளின் திண்ணை தெருவுக்குச் சமமாகிவிட்டது. சில வீடுகளுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். அதற்கும் மேலே கிரானைட் பதித்தால் அடுத்த மழை நேராகக் கூடத்துக்கு வரும். ஒவ்வொரு வாசற்படியின் மட்டத்தையும் எடுத்து, அதற்குக் கீழே தெருவைக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கிரானைட்டை மறந்துவிடுங்கள்.

சுவரோவியத்தில் தொடங்குவது

அதைக் கடைசியில் பார்த்துக்கலாம்.

திறப்பு விழாத் தேதியை முதலில் குறிப்பது

குழாயும் கேபிளும் முடியாமல் கல் பதிப்பீர்கள். மறுமாதமே தோண்டுவார்கள்.