விங்ஸ் சாஸில் வெண்ணெய் பிரிந்தால்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1964-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் விங்ஸ் (பொரித்த கோழி இறக்கை) சாஸுக்கு மிளகாய், வினிகர், வெண்ணெய் மூன்றும்தான் உயிர். நான் செய்தபோது வெண்ணெய் உருகி மேலே மிதந்தது, சாஸ் கோழியில் ஒட்டாமல் தட்டில் வழிந்தது. கொதிக்கும்போதே வெண்ணெயைப் போட்டதுதான் தப்பு.

இப்போதைய அளவு, 1 கிலோ விங்ஸுக்கு: காஷ்மீரி மிளகாய் 10 (நிறத்துக்கு), குண்டூர் மிளகாய் 5 (காரத்துக்கு). விதை உதிர்த்து வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு 4 பல், வினிகர் கால் கப், தண்ணீர் கால் கப், உப்பு முக்கால் டீஸ்பூன் சேர்த்து நைசாக அரைத்து வடிகட்டணும். வடிகட்டாவிட்டால் தோல் நாக்கில் நெருடும். சிறுதீயில் 5 நிமிடம் கொதிக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தொண்டையைப் பிடிக்கும்.

அடுப்பை அணைத்து 2 நிமிடம் பொறுத்து, ஃபிரிட்ஜில் இருந்த வெண்ணெய் 60 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்று கரைந்தபின் அடுத்தது என்று போட்டு அடித்துக்கொண்டே இருக்கணும். சாஸ் பளபளவென்று கரண்டியில் படியும்.

ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? கொட்ட வேண்டாம். நன்றாக ஆறவிட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. புளிப்பு தூக்கலானால் அரை டீஸ்பூன் தேன் போதும். விங்ஸைப் பரிமாறும் நேரத்தில்தான் சாஸில் புரட்டணும், முன்கூட்டியே புரட்டினால் மொறுமொறுப்பு போயிடும்.