குதிரையை விற்பதா, வைத்துக்கொள்வதா: என் அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் செல்லும் வழியில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே அருகில் விழுந்த மட்டைக்கு மிரண்டு என் மார்வாரி இனக் குதிரை என்னைக் கீழே தள்ளிய பின், அங்கவடியில் கால் வைத்தாலே என் கை தானாகக் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தது. அந்த இறுக்கம் கடிவாள இரும்பின் வழியே அதன் வாயை அழுத்த, அது தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தது. விற்றுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் அதன் முதுகையும் பற்களையும் காட்டினேன், ஏனென்றால் வலியுள்ள குதிரையை எந்தப் பயிற்சியும் திருத்தாது. வலி இல்லை. வேலையின்றி நின்ற குதிரைக்குக் கொள்ளின் அளவைக் குறைத்துப் புல்லைக் கூட்டினோம். நீளக் கயிற்றில் வட்டமாக நடத்தி, உள்நோக்கி வளைந்த அதன் காது நுனிகள் என் குரலுக்குத் திரும்புவதைத் தரையில் நின்றே கவனித்தேன். பிறகு தம்பி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மூச்சை நீளமாக விட்டபடி நடையில் மட்டும் சவாரி செய்தேன். ஓட்டத்துக்கு அவசரப்படாததே பெரிதும் உதவியது என்பது என் எண்ணம்.

குதிரைகள் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும். நான் இனிச் சவாரியே செய்யாவிட்டாலும் இந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்தேன். முடியும் என்று தெரிந்ததால் வைத்துக்கொண்டேன். இப்போது தோப்பைச் சுற்றி நடையிலும் மென்னோட்டத்திலும் போகிறோம். பாய்ச்சலுக்கு இன்னும் போகவில்லை.