கற்றல் மேலாண்மை அமைப்புகளின் பயன்பாட்டு எளிமையை ஒப்பிடுவது எப்படி?

பாடக் கோப்புகளையும் ஒப்படைப்புகளையும் இணையத்தில் கையாள உதவும் மென்பொருள்களே கற்றல் மேலாண்மை அமைப்புகள். பல்கலைக்கழகப் பாடங்களுக்கு அவற்றுள் மூடுல், கேன்வாஸ், கூகுள் கிளாஸ்ரூம் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலும் வசதிகளின் பட்டியலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அதில் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றே இருக்கும். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரியாது. அதை அறிய, ஒரே வேலைகளை ஒரே ஆட்களிடம் கொடுத்து, அவர்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

நடப்புப் பாடம் ஒன்றை, அதே கோப்புகளோடும் அதே கெடு தேதிகளோடும் ஒவ்வோர் அமைப்பிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். வேலையைச் சொல்லும்போது பொத்தானின் பெயரைச் சொல்லிவிடாமல், "இரண்டாவது ஒப்படைப்பை அனுப்பிவிட்டு, அது ஆசிரியருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையே நிறையச் சொல்லிவிடும். கிளாஸ்ரூமில் கோப்பை இணைத்தால் மட்டும் போதாது, 'டர்ன் இன்' (சமர்ப்பி) பொத்தானையும் அழுத்த வேண்டும். மூடுலில், சமர்ப்பிக்கும் பொத்தானை மாணவர் தனியே அழுத்த வேண்டும் என்று ஆசிரியர் அமைத்திருந்தால், கோப்பைச் சேமித்த பிறகும் அது வரைவாகவே நிற்கும். கோப்பு ஏறிவிட்டதென நம்பி மாணவர் வெளியேறினால், அதைத் தோல்வி என்றே குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணோடு விளையாடும் இந்தக் குறையைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

சிலர் மூடுலிலும் சிலர் கேன்வாஸிலும் மீதிப்பேர் கிளாஸ்ரூமிலும் தொடங்கட்டும். இல்லையெனில் முதலில் பழகியது அடுத்து வருவதற்குச் சாதகமாகிவிடும். கைப்பேசியில் கட்டாயம் சோதியுங்கள். ஆசிரியர்களுக்கு, ஒரு மாணவருக்கு மட்டும் கெடுவை நீட்டிப்பது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். மூடுல் 2022இல் வெளியான 4.0 பதிப்பில் பக்கங்களின் அமைப்பையே மாற்றியதால், அதற்கு முந்தைய ஒப்பீடுகள் இன்று உதவா.

ஒவ்வோர் அமைப்பையும் பயன்படுத்தி முடித்ததும், பயன்பாட்டு எளிமையை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். (System Usability Scale) வினாத்தாளைக் கொடுங்கள். அதிலுள்ள 10 கூற்றுகளுக்கும் 1 முதல் 5 வரை எண் தர வேண்டும். ஒற்றைப்படைக் கூற்றுகளில் தந்த எண்ணிலிருந்து 1ஐயும், இரட்டைப்படைக் கூற்றுகளில் 5இலிருந்து தந்த எண்ணையும் கழித்து, அனைத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஒரு மதிப்பு வரும். இது சதவீதமன்று, 68ஐச் சராசரியாகக் கொள்வது வழக்கம். குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்தாறு பேர் போதும் என்றாலும், மதிப்புகளை ஒப்பிட அந்த எண்ணிக்கை போதாது.

மதிப்பு உயர்ந்தும் ஒப்படைப்பில் தோல்விகள் மிகுந்தும் இருந்தால், தோல்விகளுக்கே முதலிடம் கொடுங்கள். தன் கோப்பு போய்ச் சேரவில்லை என்று அறியாத மாணவரும் அந்த வினாத்தாளில் நிறைவோடுதான் எண் போட்டிருப்பார்.