ஊரக வீடு வழங்கும் திட்டத்தைச் சமூகத் தணிக்கை செய்வது எப்படி?

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துக்கு மாற்றாக 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீடு வழங்கும் திட்டத்துக்கு இரண்டு வகைத் தணிக்கைகள் உண்டு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் நடத்தும் தணிக்கை முதலாவது. அதன் அறிக்கைகள் அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்படுகின்றன. அவை மாதிரிக்கு எடுத்த சில மாவட்டங்களையும் ஒன்றியங்களையும் கொண்டே முழுத் திட்டத்தையும் மதிப்பிடுபவை என்பதால், ஒரு குறிப்பிட்ட ஊராட்சியில் நடந்த தவறு அவற்றின் கண்ணில் படாமலே போகலாம். அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, ஊர் மக்களே ஆவணங்களையும் வீடுகளையும் சரிபார்த்து முடிவுகளைக் கிராம சபையில் வைக்கும் சமூகத் தணிக்கை, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடத்தப்பட வேண்டும் என்று திட்டத்தின் நெறிமுறை சொல்கிறது. இக்கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

முதல் வேலை ஆவணங்களைத் திரட்டுவது. காத்திருப்போர் பட்டியல், அதை ஏற்ற கிராம சபைத் தீர்மானம், பணி ஆணைகள், தவணை விடுவித்த விவரம், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவை தேவை. இவற்றில் பெரும்பகுதி, திட்டத்தின் விவரங்களைப் பதிவு செய்யும் ஆவாஸ்சாஃப்ட் இணையதளத்திலேயே பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும். மற்றவற்றை ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனுச் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதோடு, பணிகளையும் பதிவேடுகளையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது; இந்த இரண்டாவது உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

அடுத்தது பட்டியல். நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். கட்டி முடித்த வீடுகளை மட்டும் சுற்றிப் பார்க்கும் தணிக்கையில், வீடு கிடைத்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். கிடைக்க வேண்டியவர் விடுபட்டிருந்தால் அவர் பெயர் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பையும் அதில் விடுபட்டவர்களைக் கண்டறிய 2018இல் தொடங்கிய ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பையும் அடிப்படையாகக் கொண்டே பயனாளிகள் தேர்வு செய்யப்பட்டார்கள். தங்க இடமே இல்லாதவர்கள், பிச்சையெடுத்து வாழ்வோர், மனிதக் கழிவை அகற்றும் வேலையில் தள்ளப்பட்டவர்கள், அழிவின் விளிம்பிலுள்ள பழங்குடியினர், சட்டப்படி மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோர் தாமாகவே பட்டியலில் இடம்பெற வேண்டியவர்கள். ஆகவே பட்டியலை எடுத்துக்கொண்டு முதலில் ஊரின் கடைசித் தெருவுக்குச் செல்லுங்கள். குடிசை ஒவ்வொன்றிலும் பட்டியலில் பெயர் உண்டா, இல்லையென்றால் எப்போது, என்ன காரணம் சொல்லி நீக்கினார்கள் என்று கேளுங்கள். நீக்கத்துக்குக் கிராம சபைத் தீர்மானம் இருக்க வேண்டும். இருந்தால், அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள்.

நிலமற்றவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு மாநில அரசு இடம் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. நடைமுறையில், பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இவர்கள் பெயர் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் அப்படியே கிடக்க, பின்னால் இருப்பவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாததால் இதைப் பலர் முறைகேடாகவே கருதுவதில்லை. என்னைப் பொறுத்தவரை, தணிக்கை அறிக்கையின் முதல் பத்தியில் இடம்பெற வேண்டியது இதுதான்.

பிறகு வீடுகளுக்குச் செல்லுங்கள். கையில் அளவு நாடா, பணி ஆணையின் நகல், புகைப்படங்களின் அச்சுப்படி ஆகியவை இருக்கட்டும். சமையலுக்கான இடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி, கட்டப்பட்டிருக்க வேண்டும். புகைப்படத்தைக் கையில் பிடித்து, அது எடுக்கப்பட்ட இடத்திலேயே நின்று ஒப்பிடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், பின்னால் தெரியும் மரமோ மின்கம்பமோ இப்போதும் அங்கே நிற்கிறதா, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம்) மட்டத்துப் படத்தில் உள்ள சுவரும் முடிந்த வீட்டின் சுவரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே சுவரை இரண்டு கோணங்களில் படமெடுத்து இருவர் பெயரில் பதிவேற்றினால், திரையில் அது எளிதில் தெரியாது. நேரில் நின்றால் தெரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை வங்கிப் பாஸ்புக்தான் சான்று. சமவெளிப் பகுதியில் 1.20 லட்சம் ரூபாயும், மலைப்பகுதி மாநிலங்கள் உள்ளிட்ட கடினமான பகுதிகளில் 1.30 லட்சம் ரூபாயும் திட்டத்தின் உதவித்தொகை. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகையும் தருகின்றன. ஒவ்வொரு தவணையும் வரவான தேதியை, அந்தக் கட்டத்தின் புகைப்படத் தேதியோடு பொருத்திப் பாருங்கள். அதோடு, வரவான அன்றோ மறுநாளோ பெருந்தொகை எடுக்கப்பட்டிருந்தால், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பரிவோடு கேளுங்கள். இந்தக் கேள்வியை வார்டு உறுப்பினரோ ஊராட்சிச் செயலரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே கூடாது. அடுத்த தவணை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் இருப்பவர் அவர்கள் முன்னிலையில் உண்மையைச் சொல்ல மாட்டார். சொன்னவரின் பெயரை அறிக்கையில் வெளியிடாமல் காப்பதும் தணிக்கையாளரின் பொறுப்பு.

பாதியில் நிற்கும் வீட்டைக் கண்டதும் மோசடி என்று எழுதிவிடாதீர்கள். 2016இல் நிர்ணயித்த திட்டத் தொகை, 2024இல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோதும் உயர்த்தப்படவில்லை. சிமென்ட்டும் கம்பியும் அப்படி நிற்கவில்லை. வட்டிக்கு வாங்கிச் சுவரை எழுப்பிய குடும்பத்தின் மீது பணத்தை வீணாக்கியதாகக் குற்றம் சுமத்துவது பெரும் அநீதி. தவணை தாமதமா, பொருள் விலையா, நோயா, ஒப்பந்ததாரர் கைவிட்டாரா என்று காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு குறையையும், விதி என்ன, நடந்தது என்ன, சான்று எது, இழப்பு யாருக்கு என்ற வரிசையில் எழுதுங்கள். சான்று இல்லாத புகாரைத் தனிப் பட்டியலில் வையுங்கள். கிராம சபையில் வாசிக்கும்போது சம்பந்தப்பட்ட அலுவலர் பதில் சொல்ல வாய்ப்பளித்து, அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுத் தணிக்கையைப் புதிய வீடுகளிலிருந்து தொடங்காமல், முந்தைய அறிக்கையில் தீர்க்கப்படாமல் நிற்கும் குறைகளிலிருந்து தொடங்குங்கள்: திரும்ப வசூலிக்க வேண்டிய தொகை வசூலானதா, நீக்கப்பட்ட பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டதா, நிலமற்றவருக்குப் பட்டா வந்ததா என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.