விண்மீன் பொலிவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது போன்றவை முதல் இரவிலேயே தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆர் கேமராவால் மாறுவிண்மீன்களை அளக்கத் தொடங்குபவர்களை மாதக்கணக்கில் ஏமாற்றுபவை வேறு.

ஒப்பு விண்மீன் நிரம்பிவிடுவது

ஈட்டா அக்விலேவை எடுத்துக்கொள்வோம். திருவோண விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கும் மாறுவிண்மீன், அதன் பொலிவெண் (பிரகாசத்தின் அளவு; எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல்) 7.18 நாளுக்கொருமுறை 3.5-க்கும் 4.4-க்கும் இடையே ஏறி இறங்கும். அது மங்கியிருக்கும் இரவில், 3.2 பொலிவெண் கொண்ட தேட்டா அக்விலேவை ஒப்பு விண்மீனாக (பொலிவு தெரிந்த, ஒப்பிட்டு அளக்க உதவும் மீன்) வைத்து, ஃபோகஸைக் கூர்மையாக்கிப் படமெடுக்கிறார்கள். ஈட்டா ஒழுங்காகப் பதியும். தேட்டாவின் நடுப் பிக்சல்களோ 14 பிட் உச்சமான 16,383-ஐ முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் விழுந்த ஒளி கணக்கில் வராது. ஒப்பு மீனின் ஒளியில் 10 விழுக்காடு இப்படித் தொலைந்தால், ஈட்டா 0.11 பொலிவெண் கூடுதல் பிரகாசமாகத் தெரியும். மொத்த ஏற்ற இறக்கமே 0.9 தான்!

நேரம் தவறினால் திருத்தலாம், பொலிவெண் தவறினால் மறுபடி கணக்கிடலாம். பதியாமல் போன ஒளியை எதனாலும் மீட்க முடியாது. ஒரு பருவத்து உழைப்பே இப்படி வீணாவதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

கேமராத் திரையின் ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளின் வரைபடம்) நம்ப வேண்டாம். அது கேமரா மாற்றிச் சுருக்கிய ஜேபெக் படத்திலிருந்து வருவது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்து, பச்சைப் பிக்சல்களின் உச்ச மதிப்பைப் பாருங்கள். 10,000-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. தனித்தனிப் படங்களில்தான் பார்க்க வேண்டும். மினுக்கத்தால் பத்தில் மூன்று படங்கள் மட்டும் நிரம்பியிருந்தால், சராசரிப் படம் அதை மறைத்துவிடும். ஃபோகஸைச் சற்றே விலக்கி, மீன் 10 முதல் 15 பிக்சல் அகலத்துக்குப் பரவும்படி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பரவிய ஒளி முழுவதும் அளவு வட்டத்துக்குள் (மென்பொருள் ஒளியைக் கூட்டும் வட்டம்) இருக்கட்டும்.

நிறம்

ஒப்பு மீனின் நிறம் அளக்கும் மீனின் நிறத்தை ஒத்திருக்க வேண்டும். தேட்டா நீலவெண்மை. பீட்டா அக்விலே (3.7) ஈட்டாவைப் போலவே மஞ்சள், ஒப்புக்கு அதுவே பொருத்தம்.

உயரம்

மீன் அடிவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே இருந்தால் வேண்டாம். அந்த உயரத்திலேயே ஒளி உச்சியைவிட இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது.

ஜேபெக்

கூடவே கூடாது.

நேரம்

இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் குறைத்து உலக நேரத்தில் பதியுங்கள். அதிகாலை 2 மணிக்கு எடுத்த படத்துக்கு உலக நேரத் தேதி முந்தைய நாள். வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண் மாறுவதோ இந்திய நேரம் மாலை 5.30-க்கு, ஓரிரவின் படங்கள் எல்லாமே ஒரே எண்ணில் அடங்கும்.